மூன்று அடுப்புக்கு ஒரு பெயர்

தம்பி,

சாப்பிட்டு முடித்துவிட்டு, உட்கார்ந்து இதைப் படி. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கிற கடிதம் இல்லை இது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் உனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்து வைத்துவிடுவேன். அதோடு, இந்த விஷயத்தை வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் உன் அப்பா வந்து யார் போனில், யார் போனில் என்று உயிரை வாங்குவார். அதனால்தான் இன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். காய்ச்சலிலும் கடையைத் திறக்கிறவள் நான். நான் பூட்டினேன் என்றால் விஷயம் சின்னது இல்லை என்று உனக்குத் தெரியும். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேருமோ என்னவோ, நாளைக் காலையில் அந்தப் பக்கம் போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

போன சனிக்கிழமை நீ போனில் கோல் எடுத்தபோது உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். மாத்தளையை விட்டு, நாலந்தாவையும் தாண்டிப் போய், தெரியாத ஊரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, அரசாங்கக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உன்னை நம்பி ஒரு பெரிய வேலையைத் தந்திருக்கிறார்கள். தெருவோரத்தில் சாப்பாடு விற்கிறவர்களுக்குக் கூரை போட்ட கடை, தண்ணீர்க் குழாய், காஸ் அடுப்பு, லைசென்ஸ், கொஞ்சம் பயிற்சி. யார் யாருக்கு என்று பட்டியல் எடுப்பது உன் பொறுப்பு. கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. வடை சுட்டுப் படிக்க வைத்த பிள்ளை, வடை சுடுகிறவர்களுக்கே கடை கட்டிக் கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

"நெனச்ச மாதிரி கஷ்டமில்லம்மா. பைல எடுத்துகிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். மொத்தமே நாலு பேருதான் இருக்காங்க. வெள்ளிக்கெழம லிஸ்ட்ட குடுத்துட்டா வேல முடிஞ்சிது. அதுல ஒரு அம்மா இருக்காங்க பாருங்க, அப்படியே உங்கள மாதிரி. தனி ஆளா மூணு அடுப்பு வச்சிருக்காங்க. ஒண்ணுல அப்பம், ஒண்ணுல கடல, ஒண்ணுல கஞ்சி. இதெல்லாம் உங்களுதான்னு கேட்டேன். எல்லாம் என்னுதுதான் மாத்தயான்னாங்க. என்னையப் போயி ஐயாங்குற மாதிரி மாத்தயான்னு கூப்புடுறாங்கம்மா" என்று சொல்லிச் சிரித்தாய்.

லைன் கட்டாகிவிட்டதா என்று நீ இரண்டு தடவை கேட்டாய். அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் எண்ணெயும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுப்பே அணைந்துதான் இருந்தது.

நம் கடைச் சுவரில், அம்மன் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் லைசென்ஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மூன்றாம் வகுப்பில் சிங்களம் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய நேரம் அது. கண்ணில் பட்டதையெல்லாம் வாசிப்பாய், பஸ் போர்டு, பிஸ்கட் பெட்டி, மருந்து போத்தல் எதையும் விடமாட்டாய். ஒரு நாள் சாப்பிடுகிறவர்கள் உட்காரும் வாங்கின் மேல் ஏறி நின்று அந்தக் கடதாசியை வாசித்தாய். என் பெயரை வாசித்தாய். பிறகு விரலை வைத்து, வடை, பிட்டு, கஞ்சி என்று வாசித்தாய். "நாம பிட்டு விக்கிறதில்லையேம்மா, ஏன் பிட்டுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டாய். எழுதினவர்கள் தெரியாமல் எழுதிவிட்டார்கள் என்றேன். "அப்ப போய் திருத்தச் சொல்லுங்க" என்றாய். அன்றைக்கு உன்னை அறைந்தேன். படிக்கிற பிள்ளைக்குப் படிப்பை விட்டுச் சுவரில் என்ன வேலை என்று கத்தினேன். ஒரு சொல்லைச் சரியாக வாசித்ததற்காக ஒரு பிள்ளையை அறைந்த தாய் மாத்தளையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ அதை மறந்திருக்கலாம். என் கைக்கு மறக்கவில்லை.

இப்போது அந்தக் கடதாசியின் கதையைச் சொல்கிறேன். நீ நடை பழகிக்கொண்டிருந்த வயதில் உன் அப்பா வாசனைச் சரக்குக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கராம்பும் மிளகும் மணக்க மணக்க வீட்டுக்கு வருவார். ஒரு நாள் லொறியில் இருந்து மூட்டையோடு விழுந்து இடுப்பு போய்விட்டது. எழுந்து உட்காரவே ஆறு மாதம் ஆனது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான், கொழுந்து எடுக்கத் தெரியும், வடை சுடத் தெரியும். டவுனில் கொழுந்து இல்லை. அதனால் ஒரு பழைய தள்ளுவண்டியும் எண்ணெய் காய்ச்ச ஒரு தாச்சியும் வாங்கிக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த நீளமான மதில் ஓரத்தில் போய் நின்றேன். முதல் நாள் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வடை சுட்டேன். பக்கத்தில் பிட்டு அவித்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து, "மொகத்த மூடிக்கிட்டா வடைய யார்ட்ட புள்ள குடுப்பாய்? எண்ணெய் தெறிச்சா முந்தானையில நெருப்புப் புடிக்கும், எறக்கு" என்றாள். அவள்தான் எனக்கு அக்கா போல ஆன நஸீரா ராத்தா. நீ மாமி, மாமி என்று சுற்றிவருவாயே, அவளேதான்.

அந்த மதில் ஓரத்தில் நாங்கள் ஒன்பது பேர். காலையில் கண்டக்டர்மார் "நுவர, நுவர, நுவர" என்று கண்டி பஸ்ஸுக்குக் கூவ ஆரம்பிக்கும்போது எங்கள் அடுப்புகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும். ராத்தாவின் குழாயில் இருந்து பிட்டு ஆவி எழும்பும். அந்தப் பக்கம் சோமா அக்கா பெரிய பானையில் இலைக்கஞ்சி வைத்துக்கொண்டு, கருப்பட்டித் துண்டை ஒவ்வொருவர் கையிலும் வைப்பாள். ஒருவர் செய்கிற பண்டத்தை இன்னொருவர் செய்யக்கூடாது என்பது அங்கே இருந்த கட்டுப்பாடு, யாரும் எழுதி வைத்ததில்லை. பிட்டு கேட்டு என்னிடம் வந்தால் ராத்தாவைக் காட்டுவேன். அவளிடம் வடை கேட்டால் என்னைக் காட்டுவாள். யாராவது ஒருத்தி அவசரத்துக்குப் போனால் பக்கத்தில் இருப்பவள் அந்த அடுப்பையும் பார்த்துக்கொள்வாள். மழை வந்தால் எல்லோரும் ஒரே தறப்பாளுக்குக் கீழே. உண்மையைச் சொல்கிறேன் தம்பி, இன்றைக்கும் நான் வடையைத் திருப்பிப் போடும்போது வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே சுவர்தான் இருக்கிறது. ராத்தாவின் பேச்சு இல்லாமல் வடை சுடுவது எனக்கு இன்னும் பழகவில்லை.

லைசென்ஸ் யாருக்கும் கிடையாது. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது நகரசபை ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வான் வரும். வந்தால் கையில் அகப்பட்டவர்களுக்குத் தண்டம், அடுப்பையும் பானையையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். ஒவ்வொரு நாளும் ஒருத்தி முறை நிற்பாள். வானைக் கண்டதும் முறைக்காரி என் வண்டியில் தொங்கும் ஓட்டைக் கரண்டியை எடுத்துத் தாச்சியில் மூன்று தரம் தட்டுவாள். மற்ற எட்டுப் பேரும் தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடிவிடுவார்கள். கொதிக்கிற பானையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, எரிகிற அடுப்பைச் சும்மா விடவும் முடியாது. அதனால் முறைக்காரி மட்டும் நிற்பாள். இது யாருடையது, அது யாருடையது என்று கேட்டால், எல்லாம் என்னுடையதுதான் என்று சொல்வாள். அப்போது ஒரே ஒரு பெயரை எழுதி ஒரே ஒரு தண்டம்தான் போடுவார்கள், அதை ஒன்பது பேரும் சேர்ந்து கட்டுவோம். முத்துமாரியம்மன் தேர் நாட்களில் மட்டும் வான் வராது. சாமி தெருவில் வரும்போது யாரும் எங்களை விரட்டமாட்டார்கள். அந்த நாட்களில் முறைக்காரி கிடையாது, சிங்களக்காரியான சோமா அக்காகூட விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கஞ்சி ஊற்றுவாள். ஓடத் தேவையில்லாத நாள் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு அந்தச் சில நாட்களில்தான் தெரியும்.

அந்த நாள் முறை என்னுடையது இல்லை, ராத்தாவுடையது. ஆனால் அன்று பின்நேரம் அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். காலையில் வந்ததில் இருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இன்னைக்கிண்டு பாத்து வான் வந்து, நான் புடிபட்டு, மாப்புள வீட்டு ஆக்கள்ட காதுல வுழுந்தா என்ன புள்ள செய்யிற?" என்று கேட்டாள். "நான் நிக்கிறேன் ராத்தா, நீங்க பேசாம பிட்ட அவிங்க" என்றேன். உனக்கு அம்மை போட்டிருந்த நேரம் அவள் எனக்காக இரண்டு தரம் நின்றிருக்கிறாள். நான் ஒரு தரம் நிற்கக்கூடாதா என்று நினைத்தேன்.

வான் வந்தது. கரண்டியால் தட்டினேன். எல்லோரும் ஓடினார்கள், தூக்க முடியாத மூன்று அடுப்புகள்தான் மிச்சம். வானில் இருந்து ஒரு சின்ன வயது மாத்தயா மட்டும் இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பைல். வழக்கமாக வரும் ஆட்களைப் போல அதட்டவில்லை, அடுப்பில் கை வைக்கவில்லை, மரியாதையாகப் பேசினார். எனக்கு அதுவே இன்னும் பயமாக இருந்தது. பெயர் என்ன என்று சிங்களத்தில் கேட்டார், சொன்னேன். என்ன விற்கிறீர்கள் என்று கேட்டார், வடை என்றேன். பக்கத்தில் ராத்தாவின் பிட்டுக் குழாயில் ஆவி வந்துகொண்டிருந்தது. இது யாருடையது என்றார். என்னுடையதுதான் மாத்தயா என்றேன். அந்தக் கஞ்சிப் பானை? அதுவும் என்னுடையதுதான். வேறு யாரும் இந்த இடத்தில் விற்பதில்லையா? இல்லை மாத்தயா, நான் மட்டும்தான். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், மூன்று அடுப்பையும் ஒரு தரம் பார்த்தார். கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டு வடை, பிட்டு, கஞ்சி என்று எழுதிக்கொண்டார். வான் போனதும் எல்லோரும் வந்து என்னைச் சுற்றிக்கொண்டார்கள். தண்டத் துண்டு எங்கே என்று கேட்டார்கள். தண்டமே போடவில்லை என்றதும் ராத்தா என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். அன்றைக்கு நான் சுட்டதில் பாதி வடையைச் சும்மாவே எல்லோருக்கும் கொடுத்தேன், அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாள் அதே மாத்தயா திரும்பி வந்தார். வானில் இல்லை, நடந்து வந்தார், அதனால் யாரும் ஓடவில்லை. என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு ஒரு போர்மில் கையெழுத்து வாங்கினார். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். சந்தைக்குப் பக்கத்தில் சின்னக் கடைகள் கட்டுகிறார்களாம், தெருவில் விற்கிறவர்களுக்குக் கொடுக்கத்தானாம், என் பெயர் பட்டியலில் ஏறிவிட்டதாம். "உங்களைப் போல வேறு யாராவது இருந்தால் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கந்தோருக்கு வரச் சொல்லுங்கள்" என்றும் சொன்னார். முதலிலேயே இதைச் சொல்லிவிட்டுப் பெயரைக் கேட்டிருந்தால் ஒன்பது பேரையும் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டிருப்பேன். அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர் நல்ல மனிதர். பெயர் எழுதினாலே எங்களுக்குத் தண்டம்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் போனதும் ராத்தா வந்து என்ன புள்ள எழுதினாய் என்று கேட்டாள். மற்றவர்களும் வந்து நின்றார்கள். இந்த இடத்தில்தான் தம்பி, நான் உன்னிடம் இத்தனை வருஷம் சொல்லாதது இருக்கிறது. என் மனதுக்குள் ஒரே ஒரு கணக்கு ஓடியது. ராத்தா கந்தோருக்குப் போய் பிட்டு என்னுடையது என்பாள். சோமா அக்கா போய் கஞ்சி என்னுடையது என்பாள். அப்போது நான் பொய் சொன்னது தெரிந்துவிடும். பொய்க்காரி என்று என் பெயரை வெட்டிவிடுவார்கள். வீட்டில் உன் அப்பா பாயில் கிடக்கிறார், நீ பால்மாவுக்கு அழுகிறாய். இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் ஓடியது. "கட குடுக்குறாங்களாம் ராத்தா. ஆனா லிஸ்ட்டு முடிஞ்சி போச்சாம்" என்றேன்.

முதல் பொய் அவர்களுக்காகச் சொன்னது. அதற்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. இரண்டாவது பொய் எனக்காகச் சொன்னது. அந்த வெள்ளிக்கிழமை வர இன்னும் ஏழு நாள் இருந்தது. ஏழு நாளும் காலையில் ராத்தாவுக்குப் பக்கத்தில் நின்று வடை சுட்டேன். ஏழு நாளும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நடந்தது உனக்குப் பாதி தெரியும். மற்றக் கடைகள் வேறு தெருக்காரர்களுக்குப் போயின. கடைகள் திறந்ததும் மதில் ஓரத்தில் யாரும் நிற்கக்கூடாது என்று கம்பி வேலி போட்டுவிட்டார்கள். சோமா அக்கா பானையைத் தூக்கிக்கொண்டு தன் தம்பி வீட்டோடு ஊருக்குப் போனாள், பிறகு ஒரு செய்தியும் இல்லை. ராத்தா பிட்டைப் பெரிய வாளியில் அடைத்துக்கொண்டு தெருத் தெருவாக ஏறி இறங்கினாள். மாத்தளையில் சமமான தெரு எத்தனை இருக்கிறது சொல், எல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான். இன்றைக்கு அவள் முழங்கால் மடங்காமல் போனதற்கு அந்த வாளிதான் காரணம். அந்தப் பெண் பார்த்த சம்பந்தம் கூடிவந்தது, அது ஒன்றுதான் அந்த நாளில் அவளுக்கு நடந்த நல்லது. இவ்வளவுக்குப் பிறகும், நீ சோதனை எழுதப் போன ஒவ்வொரு காலையிலும் தேங்காய்ப்பூ தூவிய பிட்டை வாழையிலையில் மடித்து உனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். நீ சாப்பிட்டாய். நான் அந்த இலையைத் தூக்கிப் போடப் போவது போலப் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வருவேன்.

இதைப் படித்துவிட்டு, இந்த உதவியெல்லாம் வேண்டாத வேலை என்று நினைத்துவிடாதே. அப்படி நினைத்தால் நன்றி கெட்டவள் நான்தான். அந்தக் கடை நம்மை வாழ வைத்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர். மழை வந்தால் கூரை. வானைக் கண்டால் நெஞ்சு அடிப்பதில்லை. ஒரே இடத்தில் தினமும் நின்றால் ஆட்கள் தேடி வருவார்கள் என்பதையே நான் அங்கேதான் கண்டேன். கையுறை போட வேண்டும், தொப்பி போட வேண்டும், எண்ணெயை எத்தனை தரம் காய்ச்சலாம் என்று சொல்லித் தந்தார்கள், அது எல்லாம் எனக்குப் பிரயோசனப்பட்டது. ஒரு கண்ணாடிப் பெட்டியும் தந்தார்கள், பார்க்க அவ்வளவு வடிவு. சுடச்சுட வடையை அதில் போட்டு மூடினால் வேர்த்து, பத்து நிமிஷத்தில் நனைந்த பாண் ரொட்டி போல ஆகிவிடும். உன் அப்பா அதன் பலகையில் ஆறு ஓட்டை போட்டார், பெட்டி தந்தவர்கள் வந்து பார்த்து எங்களை ஏசினார்கள். வடை சுடுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓட்டையோடேயே செய்திருக்கலாம். நீ எதைக் கொடுத்தாலும் அதை வைத்துப் பிழைக்கப் போகிறவளிடம் ஒரு தரம் கேட்டுவிட்டுக் கொடு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ராத்தா வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. திருவலையில் உட்கார முடியாது என்று மேசையில் பூட்டிய மெஷினில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு இன்னும் வீட்டில் இருந்தே பிட்டு அவித்து அனுப்புகிறாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரு என்று அவள் சொல்லவில்லை. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். தேங்காய் முடிந்து சிரட்டை தேய்கிற சத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினாள்.

"ஒன் கடையில மாட்டி வச்சீக்கியே ஒரு கடதாசி, அதுல பிட்டுண்டு எழுதியீக்கி" என்றாள். "கட தொறந்த அண்டைக்கே பாத்துட்டேன். எனக்கு சிங்களம் வாசிக்கத் தெரியாண்டு நெனச்சியா?"

அப்படித்தான் தம்பி நினைத்திருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் அவள் கண் எதிரே மாட்டி வைத்திருந்தேன்.

"நீ லிஸ்ட்டு முடிஞ்சிண்டு செல்லின அந்தக் கெழமைக்குள்ளயே நான் கந்தோருக்குப் போனேன்" என்றாள். "லிஸ்ட்டு முடிஞ்சிதாண்டு வாசல்ல நிண்ட ஆள்ட்ட கேட்டேன். இன்னும் ரெண்டு நாள் ஈக்கி, உள்ள போங்கண்டு செல்லிச்சு. படியில ஏறினேன். உள்ள போய் பிட்டு என்னுதுண்டு செல்லோணும். அப்ப ஒன் பேர வெட்டிடுவாங்களேண்டு வந்திச்சி. பாயில கெடக்குற ஒன் மாப்புளயும் அந்தப் புள்ளயும் கண்ணுக்குள்ள நிண்டாங்க. எறங்கி வந்துட்டேன்."

தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஒரு வார்த்த செல்லியிருந்தா ரெண்டு பேருமா போயீப்பமே புள்ள. வெட்டுவாங்களோ வெட்டமாட்டாங்களோ, கேட்டாத்தானே தெரியும். நீயும் கேக்கல்ல, நானும் கேக்கல்ல. என்ட முட்டுக்கால் போனதுதான் மிச்சம்." தேய்ந்த சிரட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு, "மகன்ட லிஸ்ட்டு எப்ப முடியிது?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றேன். "அப்ப இங்க குந்தி அழுதுக்கிட்டு ஈக்கிறது என்னத்துக்கு? போய் எழுது."

அதனால் எழுதுகிறேன். தம்பி, எங்கள் மதில் ஓரத்தில் மட்டும்தான் முறை நிற்கிற வழக்கம் இருந்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீ அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்ன பிறகுதான், ஓடிப் பிழைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இதைத்தான் கண்டுபிடிப்பார்கள் என்று விளங்கியது. நீ சிரித்தாயே, மாத்தயா என்று கூப்பிட்டாள் என்று, எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகன் தெருவில் வருவதைக் கண்டு சிலர் கொதிக்கிற பானையை விட்டுவிட்டு ஓடினார்கள் என்றும், ஒருத்தி நெஞ்சு அடிக்க அடிக்க அவன் முன்னால் நின்றாள் என்றும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் கோபம் இல்லை. உனக்கு இதைச் சொல்லித் தர வேண்டியவள் நான், சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தேன்.

நாளைக்கு அல்லது மறுநாள் திரும்பிப் போ. கந்தோர் வாகனத்தில் போகாதே, நடந்து போ. பைலை அறையில் வைத்துவிட்டுப் போ. பசியோடு போய், வாங்கிச் சாப்பிடு. அப்பம் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல், உப்புக் கூடினால் அதையும் சொல், அப்போதுதான் நீ மனுஷன் என்று நம்புவார்கள். பிறகு நீ எதற்காக வந்தாய் என்பதை முழுதாகச் சொல். அதைச் சொல்லாமல் யாரிடமும் பெயர் கேட்காதே. இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதை ஒருத்தியிடம் மட்டும் சொல்லிவிட்டு வராதே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல். இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கந்தோரில் முகம் சுளித்தால், சுளிக்கட்டும். எட்டுப் பேரை விட்டுவிட்டு எழுதின பட்டியலை வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி என்று வேண்டுமானால் என்னிடம் வந்து கேட்கச் சொல்.

அந்த மூன்று அடுப்புக்காரியிடம் கடைசியாகப் போ. அந்த அப்பமோ, கடலையோ, கஞ்சியோ, ஏதோ ஒன்றுதான் அவளுடையது. மற்ற இரண்டுக்கும் உரியவர்கள் பக்கத்தில்தான் எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவளைப் பொய்க்காரி என்று நினைத்துவிடாதே. உண்மையைச் சொன்னால் தன் பெயர் போய்விடும் என்று அவள் பயந்துகொண்டிருப்பாள். அவள் கேட்கமாட்டாள், என்னைப் போலத்தான் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். அதனால் நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. உங்கள் பெயரை வெட்டமாட்டேன் அம்மா, அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன், அவர்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்.

உன் அம்மா